ஈகையும் உரிமையும்: மலையேறும் துவிச்சக்கரவண்டி எழுப்பும் ஓர் அறவினா

கொடை என்பது தமிழ் மரபிற் பெரும்பாலும் இருவருக்கிடையே நிகழ்வதாகவே எண்ணப்பட்டு வந்துள்ளது. கொடுப்போன் ஒருவன், கொள்வோன் ஒருவன். பாரி தேரை ஈந்தான். முல்லைக்கொடி அதனைப் பற்றிப் படர்ந்தது. பேகன் போர்வையை ஈந்தான். மயில் அதனைப் பெற்றது. இவர்களுக்கிடையே மூன்றாமவர் ஒருவருக்கு இடமில்லை. பின்னர் வந்து பாடிய புலவருங்கூட அக்கொடைக்குச் சான்று கூறியவரேயன்றி அதிற் பங்குகொண்டவர் அல்லர்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தகைய மூன்றாமவர் ஒருவர் தோன்றினார். அவர் தம் பொருளைப் பெரிதாக வழங்குபவர் அல்லர். எதனையும் பெறுபவரும் அல்லர். அவர் செய்வதெல்லாம் துவிச்சக்கரவண்டியொன்றில் ஏறி நூற்றுக்கணக்கான மைல்கள் மிதித்துச் செல்வதே. அவர் கடக்கும் தூரத்தை முன்னிட்டு அறிந்தோரும் அறியாதோரும் பணம் தர இசைகின்றனர். அப்பணம் நோயுற்ற குழந்தைகளின் மருத்துவத்துக்கோ வறிய குழந்தைகளின் கல்விக்கோ சென்று சேர்கின்றது. வண்டி மிதிக்கப்படாவிடினும் அந்தப் பணம் அவர்களுடைய பைகளில் இருந்திருக்கும். குழந்தையின் தேவையும் அவ்வாறே இருந்திருக்கும். அங்ஙனமாயின் ஒருவரது கால் நோவுக்கும் வேறொருவரது கொடைக்கும் உள்ள தொடர்பு யாது? அந்நோவு அறத்துக்கு எதனையேனும் சேர்க்கின்றதா? அன்றி, குழந்தைக்கு உரிமையாகக் கிடைக்கவேண்டிய ஒன்றை விழாவாகவும் வேடிக்கையாகவும் மாற்றி, உரிமை என்னும் எண்ணத்தையே மங்கச் செய்கின்றதா? எளிதாகத் தோன்றும் ஒரு வழக்கத்தினுள் இவ்வினாக்கள் பொதிந்துகிடக்கின்றன.

இவ்வழக்கத்தின் வரலாறு நீண்டதன்று. 1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் மாநிலத்தில், தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பில்லி ஸ்ரார் என்னும் இளைஞர் நண்பர்கள் சிலரைத் திரட்டி அம்மாநிலத்தின் குறுக்கே துவிச்சக்கரவண்டிப் பயணம் ஒன்றை நடத்தினார். அதிற் கலந்துகொண்டோர் முப்பத்தாறு பேர். திரண்ட நிதி பொஸ்ரன் நகரிலுள்ள புற்றுநோய் நிலையத்தின் 'ஜிம்மி நிதியம்' என்னும் அறக்கட்டளையைச் சென்றடைந்தது. சிறுவருக்கு வரும் புற்றுநோயை ஆராயவெனத் தொடங்கப்பட்ட நிதியம் அது. அப்பயணம் இன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் பங்குகொள்ளும் பெருநிகழ்ச்சியாக வளர்ந்துள்ளது. அதே 1980இல் கனடாவில் ஒரு காலை இழந்த ரெறி பொக்ஸ் என்னும் இளைஞர், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி வேண்டி 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் தூரம் ஓடி, நோய் மீண்டும் பற்றியதனால் இடைவழியில் நின்று, மறு ஆண்டு மறைந்தார். இலங்கையில் 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் கால்நடையாகச் சென்று தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி திரட்டினர். 2016இல் பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை நடந்து காலி கராப்பிட்டிய மருத்துவமனைக்குத் திரட்டினர். வடக்கின் நோயாளிக்குத் தெற்கிலிருந்தும் தெற்கின் நோயாளிக்கு வடக்கிலிருந்தும் புறப்பட்டமை அவ்விரு நடைகளின் தனிச்சிறப்பு எனலாம்.

இனி, இத்தகைய பயணம் ஒன்று மலையகத்தில் ஏறுவதாகக் கொள்க. கொழும்பிலிருந்து கண்டி வழியாகவோ கினிகத்தேனை வழியாகவோ நுவரெலியாவை அடைந்து, அங்கிருந்து கந்தப்பளை, இராகலை என்று செல்லும் சாலை இந்நாட்டின் கடினமான ஏற்றங்களுள் ஒன்றாகும். கந்தப்பளை கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலான உயரத்தில் அமைந்த சிறு நகரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஊடாக இராகலை வரை குறுகிய இருப்புப்பாதையொன்று போடப்பட்டது. தேயிலைப் பெட்டிகளைக் கீழே கொண்டுசெல்வதே அதன் முதன்மை நோக்கமாயிருந்தது. 1940களில் அது கைவிடப்பட்டது. அவ்வூர்ப் பக்கத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று 1990களில் உல்லாச விடுதியாக மாற்றப்பட்டது. பெட்டி சென்ற வழி மறைந்தது. கொழுந்து வாடிய மாடிகளில் விருந்தினர் உறங்குகின்றனர். ஆயினும் கொழுந்து பறிப்போர் வாழும் லயக் காம்பராக்களுட் பல இன்னும் லயக் காம்பராக்களாகவே இருக்கின்றன. மாறுதல் எல்லார்க்கும் ஒரே விரைவில் வருவதில்லை என்பதற்கு இவ்வூரே சான்று.

யாழ்ப்பாணத்திலே துவிச்சக்கரவண்டி அன்றாட வாழ்வின் உறுப்பு. ஆசிரியரும் மாணவரும் மீன் விற்பவரும் ஏறிச் செல்லும் வாகனம் அது. மலைச்சரிவிலோ அது அவ்வாறு வேரூன்றவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பாடசாலைக்கு நடந்தே ஏறி நடந்தே இறங்குகின்றனர். ஆகவே ஒளிரும் உடையணிந்து மூச்சிரைக்க ஏறிவரும் வண்டியோட்டி அப்பிள்ளைகளின் கண்ணுக்கு ஒரு காட்சிப்பொருளாகின்றார். அவருக்கோ அப்பிள்ளைகளும், பச்சைத் தேயிலையும், பனிமூட்டமும் காட்சிப்பொருள்களாகின்றன. இருசாராரும் ஒருவரையொருவர் காட்சியாகவே கண்டு பிரியும் அபாயம் இங்கு உண்டு.

இவ்விடத்தில் முதலாவது வினா கூர்மை பெறுகின்றது. அதே சாலையின் மேற்பக்கச் சரிவில், அதே ஏற்றத்தில், அப்பிள்ளைகளின் தாய்மார் நாள்தோறும் கூடை சுமந்து ஏறுகின்றனர். மழையும் அட்டைக்கடியும் அவர்களுக்குப் புதியனவல்ல. குறித்த நிறை கொழுந்து சேராவிடின் அன்றைய நாள் 'அரைப்பேர்' ஆகும். வண்டியோட்டி ஒருமுறை ஏறுகின்றார். அவரது வியர்வை தியாகம் எனப்படுகின்றது. தாய் ஆண்டு முழுவதும் ஏறுகின்றாள். அவளது வியர்வை கூலி எனப்படுகின்றது. உடல் வருத்தமே கொடையைத் தூண்டும் காரணமாயின், உலகின் கொடையெல்லாம் என்றோ இம்மலைகளை நோக்கித் திரும்பியிருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. எனவே மக்களின் மனத்தைத் தொடுவது வருத்தம் அன்று. வருந்தவேண்டிய கட்டாயமில்லாத ஒருவர் தாமாக விரும்பி ஏற்கும் வருத்தமே என்பது வெளிப்படை.

இதனை உளவியலாளரும் ஆராய்ந்துள்ளனர். கிறிஸ்ரோபர் ஒலிவோலா, எல்டார் ஷாபிர் ஆகிய இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்று, இன்பமான நிகழ்ச்சியொன்றின் வாயிலாகக் கேட்கப்படும் நிதியைவிட, வலியும் முயற்சியும் வேண்டும் நிகழ்ச்சியின் வாயிலாகக் கேட்கப்படும் நிதிக்கு மக்கள் மிகுதியாகத் தர முற்படுவதைக் காட்டிற்று. வருத்தம் செயலுக்குப் பொருளாழம் தருவதாக மக்கள் உணர்கின்றனர் என்பது அவர்தம் விளக்கம். மலையக மக்களுக்கு இவ்வுண்மையை எடுத்துரைக்க ஆய்வு வேண்டியதில்லை. பிள்ளைக்கு நோய் தீரவேண்டுமெனத் தாய் காவடி நேர்வதும், கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்வதும் அவர்கள் அறிந்தவையே. தன் உடலை வருத்திப் பிறர் நலம் வேண்டும் நேர்த்திக்கடனே இன்று சமயச் சார்பற்ற வடிவில் வண்டியேறி வருகின்றது என்று கூறின் அது மிகையாகாது.

ஆயினும் நேர்த்திக்கடனுக்கும் இதற்கும் வேறுபாடு ஒன்று உண்டு. நேர்த்திக்கடன் இறைவனை நோக்கியது; அங்கே பார்ப்போர் தேவையில்லை. நிதிப் பயணமோ பார்ப்போரை நம்பியது. பார்ப்போரை நம்பும் அறத்தைப் புகழாசை எளிதிற் பற்றிக்கொள்ளும். திருக்குறளிலே ஒப்புரவறிதல், ஈகை, புகழ் ஆகிய அதிகாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. புகழ் ஈகைக்குப் பின்னே வருவது. ஈகையை முன்னின்று இழுப்பதன்று என்று அவ்வமைப்புக்குப் பொருள் கொள்ளலாம். ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியாரும், மறுமைப் பயனைக் கருதி அறத்தை விற்கும் வணிகனல்லன் அவன் என்றே போற்றினார். கான்ற் என்னும் ஜேர்மானிய மெய்யியலாளர் 1785இல் வெளியிட்ட நூலில், நற்செயலின் ஒழுக்கப் பெறுமதி அதன் விளைவில் அன்றி அதனைச் செய்யத் தூண்டிய மனநிலையில் உள்ளது என வாதிட்டார். இவ்வளவைகளால் அளந்தால் வருத்தம் அறத்தின் ஊற்று ஆகாது. அது உளத்தூய்மைக்கு ஒரு சான்று ஆகலாம்; அவ்வளவே. சான்று பொய்ப்பதும் உண்டு.

அங்ஙனமாயின் வண்டியோட்டியின் செயலிலே தனக்கென உரிய அறப்பெறுமதி எதுவும் இல்லையா? உண்டு. அதனைக் காண்பதற்கு மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரன் கதையை நினைவுகூர்தல் பொருந்தும். வளர்ந்த ஊரிலிருந்து துரத்தப்பட்டு மதுரையை அடைந்த ஆபுத்திரன், கையில் ஓடேந்தி வீடுதோறும் இரந்தான். தனக்காக அன்று, பார்வையற்றோரும் நடக்கவியலாதோரும் ஆதரவற்றோரும் பிணியுற்றோருமாகிய அனைவரையும் அழைத்து அவர்களை முதலில் உண்பித்து, எஞ்சியதைத் தான் உண்டு, அவ்வோட்டையே தலையணையாகக்கொண்டு உறங்கினான். இங்கே தோன்றுகின்றான் அந்த மூன்றாமவன். அவன் கொடையாளியல்லன், கொள்பவனும் அல்லன், பிறர்க்காக இரப்பவன்.

இரத்தலின் துயரைத் தமிழர் நன்கு உணர்ந்திருந்தனர். இரவு என்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதனை அடுத்தே இரவச்சம் என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். கை நீட்டுவோன் பொருளைப் பெறும்போது தன்மதிப்பில் ஒரு பங்கை இழக்கின்றான். குழந்தையோ அவ்விழப்பை உணர்ந்து ஏற்கவோ மறுக்கவோ இயலாத பருவத்தில் உள்ளது. எனவே குழந்தைக்குப் பதிலாக வேறொருவர் கை நீட்டுவதும், கேட்பதில் உள்ள கூச்சத்தைத் தம் தோளில் ஏற்றுக்கொள்வதும் சிறிய செயல்கள் அல்ல. நெடுந்தூரப் பயணத்தின் உண்மையான அறம் இங்கேதான் உள்ளது. கால்கள் மிதிப்பது இரண்டாம்பட்சம். குழந்தை தலைகுனியாமல் இருக்கத் தாம் தலைகுனிந்து கேட்பதே முதன்மை.

இதனின்றும் ஒரு கட்டளை பிறக்கின்றது. குழந்தையின் மானத்தைக் காக்கவே மூன்றாமவர் வந்தாராயின், அக்குழந்தையின் கிழிந்த உடையையும் ஒட்டிய வயிற்றையும் படமெடுத்து நிதி கேட்பது அவர் வந்த நோக்கத்தையே அழிப்பதாகும். மேற்கூறிய 'ஜிம்மி' என்னும் பெயரின் வரலாறு இங்குக் கருதத்தக்கது. 1948இல் புற்றுநோயுற்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனது மருத்துவமனை அறையிலிருந்து அமெரிக்க வானொலி நிகழ்ச்சியொன்று ஒலிபரப்பப்பட்டது. நாடெங்கிலுமிருந்து நிதி குவிந்தது. அச்சிறுவனது அந்தரங்கத்தைக் காக்கும் பொருட்டு அவனது மெய்ப்பெயரை மறைத்து 'ஜிம்மி' என்று பெயரிட்டனர். அவன் இறந்துவிட்டான் என்றே பலரும் எண்ணியிருக்க, ஐம்பது ஆண்டுகள் கழிந்து, 1998இல், ஐனார் குஸ்ராவ்சன் என்னும் முதியவர் தாமே அந்த ஜிம்மி என உலகுக்கு வெளிப்பட்டார். பெயரை வெளியிடுவதா மறைப்பதா என்னும் முடிவு இறுதியில் அவருடையதாகவே இருந்தது. உதவி பெற்ற குழந்தை வளர்ந்தபின் தன் கதையைத் தானே கூறும் உரிமையை இழவாதிருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

மூன்றாவது வினாவே மிகக் கடினமானது. கந்தப்பளையைச் சூழ்ந்த தோட்டங்களின் குழந்தைக்குக் கிடைப்பது ஈகையா, அன்றி அதற்கு உரியதன் ஒரு பகுதியா? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 வீதத்தினராக இருக்க, தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதத்தினராக இருந்தனர். இவ்விடைவெளி இயற்கை தந்ததன்று. இதற்கு வரலாறு உண்டு. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப்பயனையும் பெறவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அப்பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றோர் ஆக்கிற்று. தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு மாறியது 1970களிலேயே தொடங்கிற்று. குடியுரிமைச் சிக்கலை முற்றாகத் தீர்க்க முயன்ற சட்டம் 2003இலேயே வந்தது. இவ்வளவு காலமும் அம்மலைகளின் தேயிலை உலகச் சந்தைக்குத் தடையின்றிச் சென்றுகொண்டிருந்தது.

கான்ற் தம் ஒழுக்கவியல் விரிவுரைகளிலே நுட்பமான கருத்தொன்றைக் கூறினார். பொதுவான அநீதியொன்றிற் பங்குகொண்டு வாழ்பவர் வறியவர்க்கு உதவும்போது, அவர் இலவசமாக எதனையும் ஈயவில்லை. அவ்வநீதியினால் முன்பு எடுக்கப்பட்டதில் ஒரு பகுதியையே திருப்பித் தருகின்றார் என்பது அதன் சாரம். மலிவான தேநீரைக் கொழும்பிலும் இலண்டனிலும் நாள்தோறும் பருகியோர் மலைக்கு அனுப்பும் நிதியை இவ்வகையில் நோக்கின், அது ஈகை என்பதினும் கடன் தீர்த்தல் என்பதற்கே அணுக்கமானது. வள்ளுவர் ஒப்புரவை ஈகைக்கு முன் வைத்ததும் இங்கு எண்ணத்தக்கது. ஒப்புரவு என்பது உலகத்தோடு சேர்ந்து வாழ்பவனுக்கு இயல்பான கடமை. ஈகையோ அதன்மேல் எழுவது. கடமையைச் செய்யாது ஈகையைக் கொண்டாடுதல், அடித்தளமிடாது மாடி கட்டுதலை ஒக்கும்.

2023ஆம் ஆண்டு மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து வேறொரு நெடும்பயணம் நடந்தது. யூலை 28இல் தலைமன்னாரிற் புறப்பட்டு, முன்னோர் காடுகளூடே நடந்துவந்த பாதையை ஒட்டி நடந்து, ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது அந்நடைபவனி. அதிலும் வருத்தம் இருந்தது, தூரம் இருந்தது, பார்ப்போர் இருந்தனர். ஆனால் அது நிதி கேட்கவில்லை. காணி, வீடு, கூலி, சமத்துவம் ஆகிய உரிமைகளையே கேட்டது. கேட்டவரும் பெறவேண்டியவரும் அங்கு ஒருவரே. இரு பயணங்களும் ஒரே உடல்மொழியைக் கையாண்டு இருவேறு செய்திகளைக் கூறுகின்றன. ஒன்று இரக்கத்தை எழுப்புகின்றது. மற்றது நியாயத்தை எழுப்புகின்றது.

அப்படியாயின் இரக்கத்தைக் கைவிட்டு நியாயத்தையே பற்றவேண்டும் என்பார் உளர். அவர் வாதத்தில் வலிமை உண்டு. எனினும் அது நிறைவானதன்று. நியாயம் வருவதற்குச் சட்டமும் காலமும் வேண்டும். குழந்தைப் பருவமோ காத்திருப்பதில்லை. இன்று பிள்ளை மடுவத்தில் பாலுக்கு அழும் குழந்தை, நியாயம் வெல்லும் ஆண்டிலே தன் பிள்ளையை அங்கு விடும் தாயாகியிருக்கும். பீற்றர் சிங்கர் 1972இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காண்பவர் தம் உடை நனையும் என்று தயங்குதல் தகாது என்றும், தொலைவிலுள்ள குழந்தைக்கும் அதுவே விதி என்றும் வாதிட்டார். குளத்துக்கு வேலியிடவேண்டியவர் யார் என்னும் விசாரணை இன்றியமையாதது. ஆனால் குழந்தையைத் தூக்கிய பின்னரே அது தொடங்கவேண்டும். அதேபோலத் தூக்கியவர் அவ்விசாரணையை மறந்து, ஆண்டுதோறும் அதே குளக்கரையில் விழா எடுப்பதும் தகாது.

ஆபுத்திரன் கதையின் பிற்பகுதி இதற்கே எச்சரிக்கையாக அமைகின்றது. சிந்தாதேவி அவனுக்கு வற்றாத அமுதசுரபியை அளித்தாள். பின்னர் இந்திரன் மழையைப் பெய்வித்தான், நாடு செழித்தது, பசித்து வருவோர் இல்லாதொழிந்தனர். ஊட்டுவதற்கு ஒருவருமில்லாது வருந்திய ஆபுத்திரன், பசியுள்ள நாடு தேடிக் கப்பலேறி, மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உயிர்நீத்தான். நாடு செழித்தது நற்செய்தி. கொடையாளிக்கோ அது துயரச் செய்தி ஆயிற்று. கொடுப்பதற்குப் பசித்தோர் வேண்டும் என்னும் நிலை கொடைக்குள் மறைந்திருக்கும் முரண்பாடாகும். தூய உள்ளத்தவனாகிய ஆபுத்திரனையே அது பற்றிற்று எனின், மற்றையோர் எவ்வளவு விழிப்பாயிருத்தல் வேண்டும்!

இம்முரண்பாட்டிலிருந்து விடுபட வழி உண்டு. அவ்வழி கொடையைப் பொதுநிறுவனமாக மாற்றுவதே. 1980களின் பிற்பாதியிற் சுவீடன் நாட்டு உதவி தோட்டப் பாடசாலைகளின் கட்டடங்களையும் ஆசிரியர் பயிற்சியையும் மேம்படுத்திற்று. ஜேர்மனியின் உதவியோடு எழுந்த பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி, மலையகப் பிள்ளைகளுக்கு மலையகத்திலிருந்தே ஆசிரியர்களை உருவாக்கிற்று. உதவியாளர் திரும்பிச் சென்றனர், கல்லூரி நிலைத்தது. துவிச்சக்கரவண்டியே உரிமையாக மாறிய வரலாறும் அயலில் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்திற் பல்லாயிரம் கிராமப் பெண்கள் எழுத்தோடு வண்டியோட்டவும் கற்றனர். பீகார் அரசு 2006இலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்கு வண்டி வாங்கப் பணம் வழங்கியது. உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியிற் சேரும் பெண்பிள்ளைகளின் தொகையை அத்திட்டம் 32 வீதத்தால் உயர்த்தியதாக 2017இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. அங்கே குழந்தைக்காக வேறொருவர் மிதிக்கவில்லை. குழந்தையே மிதித்துப் பள்ளிக்குச் சென்றது.

ஆகவே நெடுந்தூர நிதிப் பயணத்தை முற்றாகப் போற்றுதலும் முற்றாகத் தூற்றுதலும் பொருந்தா. அதனை அளப்பதற்கு நான்கு அளவைகள் உள. குழந்தையின் மானத்தை அது காக்கின்றதா? பயணத்தின் செலவு பயனை விழுங்காதிருக்கின்றதா? எது தேவை என்பதை முடிவு செய்வதில் தோட்டத்து மக்களுக்குக் குரல் உண்டா? அடுத்த பயணத்துக்கான தேவையை இப்பயணம் சிறிதேனும் குறைக்கின்றதா? இந்நான்கனுள் இறுதியானதே தலையாயது. தூரம் எத்தனை மைல் என்று கணக்கிடுவோர், அக்குழந்தைக்கும் அதன் உரிமைக்கும் இடையே இன்னும் எஞ்சியுள்ள தூரம் எவ்வளவு என்பதனையும் கணக்கிடுதல் வேண்டும். அத்தூரத்தைக் குறைக்கும் பயணம் அறமாகும். அதனை அப்படியே விட்டு மீளும் பயணம், எவ்வளவு வியர்வை சிந்தப்படினும், உடற்பயிற்சியாகவே எஞ்சும்.